சதுரங்க ஆட்டங்களைச் சேமிக்க, விதி எழுதி வெளியிடப்பட்ட கோப்பு வடிவம் ஏன் வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயிற்சி மையத்தின் பழைய ஆட்டங்கள் எல்லாம் ஒரு சதுரங்க மென்பொருளின் சொந்தக் கோப்புகளில் இருக்கின்றன. புதிய கணினியில் அந்த மென்பொருள் திறக்க மறுக்கிறது. சதுரங்க ஆட்டங்களை உரையாக எழுதிவைக்கும் பொது வடிவமான பிஜிஎன்னுக்கு (PGN) மாறிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்களோ, அது 1990களின் வெறும் உரைக் கோப்புதானே, அதைவிடச் சிறியதாகவும் வேகமாகவும் ஒரு வடிவத்தை எங்கள் செயலிக்காக நாங்களே செய்துகொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆட்டத்தைப் பதிந்தவரும் அந்த மென்பொருளும் அதை விற்ற நிறுவனமும் இல்லாமல் போன பிறகும், முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு நகர்வுகூடப் பிசகாமல் ஆடிப் பார்க்க என்ன வேண்டும்?

போட்டிகளில் ஆட்டங்களைக் கணினியில் ஏற்றும் வேலையையும், அவற்றைப் படிக்கும் நிரல்கள் எழுதும் வேலையையும் நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: மனிதர் படிக்கக்கூடிய உரைக் கோப்பா, நிரல் மட்டுமே படிக்கக்கூடிய பைனரிக் கோப்பா என்பது இரண்டாம்பட்சம். அந்த வடிவத்தின் விதிகள் முழுமையாக எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே சதுரங்க உலகம் இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் நெடுநாள் வழங்கிய பழைய குறியீட்டு முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர்கள். வெள்ளையின் பக்கமிருந்து எண்ணினால் ராஜாவின் நான்காம் கட்டம். அதே கட்டம் கறுப்பின் பக்கமிருந்து ராஜாவின் ஐந்தாம் கட்டம். அலெப்போவைச் சேர்ந்த பிலிப் ஸ்டாம்மா 1737இல் பாரிசில் வெளியிட்ட நூலிலேயே கட்டத்துக்கு ஒரே பெயர் தரும் முறையைப் பயன்படுத்திவிட்டார். இருந்தும் பழைய முறையை ஏற்பதை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நிறுத்தியது 1981இல்தான். அதற்குப் பிறகும் காய்களின் எழுத்துகள் மொழிக்கு மொழி மாறின. பிரெஞ்சுக்காரர் 'ஆர்' என்று எழுதினால் அது ராஜா. ஆங்கிலத்தில் அதே எழுத்து யானை. பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வந்த செஸ் இன்ஃபார்மன்ட் தொகுதிகள் எழுத்துக்குப் பதிலாகக் காயின் படத்தையே அச்சிட்டு இந்தத் தொல்லையைக் கடந்தன. அச்சில் அது அழகாகத் தீர்ந்தது. கணினிக் கோப்பில் தீரவில்லை.

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு சதுரங்க நிரலும் தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்திருந்தது. ஒன்றில் பதிந்ததை மற்றொன்றில் திறக்க முடியாது. ஸ்டீவன் எட்வர்ட்ஸ் 1993 வாக்கில் பிஜிஎன் வரையறையை எழுதி, யூஸ்நெட் என்ற அக்கால இணைய விவாத வலையின் சதுரங்கக் குழுவில் பொதுவில் வைத்தார். 1994 மார்ச்சில் திருத்தப்பட்ட அந்த ஆவணத்தைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறோம். விவரங்கள் பொதுவில் கிடைக்க வேண்டும், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்ற நோக்கங்களை அது தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதில் மாதிரியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் ஆட்டம், 1992 நவம்பரில் பெல்கிரேடில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் சமன் செய்த 29ஆவது ஆட்டம்.

இதில் என்ன பெரிய விஷயம், நகர்வுகளை வரிசையாக எழுதினால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். போதாது. இதை இரண்டு சிறு விவரங்களில் காட்டுகிறேன். கோட்டை கட்டுவதை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவதை) நாம் காகிதத்தில் இரண்டு பூஜ்ஜியங்களாக எழுதுகிறோம்; ஃபிடே விதிகளின் பின்னிணைப்பிலும் 0-0 என்றுதான் இருக்கிறது. பிஜிஎன் அங்கே பூஜ்ஜியத்தை ஏற்பதில்லை. 'ஓ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைத்தான் கேட்கிறது. அதற்குக் காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பு வென்றால் முடிவு 0-1. நிரல் கோப்பை இடமிருந்து வலமாகப் படித்துவரும்போது ஒரு பூஜ்ஜியத்தைப் பார்த்தால், வருவது கோட்டையா ஆட்டத்தின் முடிவா என்று அந்த இடத்தில் அதற்குத் தெரியாது. எழுத்தாக இருந்தால் குழப்பமே இல்லை. இவ்வளவு அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயத்தை ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்ததால்தான் எத்தனையோ நிரலாளர்கள் அதில் தடுக்கி விழாமல் போனார்கள்.

இரண்டாவது விவரம் எனக்கு இன்னும் பிடித்தது. வெள்ளைக்கு சி3 என்ற கட்டத்தில் ஒரு குதிரை, ஜி1 என்ற கட்டத்தில் ஒரு குதிரை. இரண்டுமே இ2 கட்டத்தைத் தாக்குகின்றன. இரண்டாலும் அங்கே போக முடியுமென்றால், எந்தக் குதிரை என்பதைக் கூடுதல் எழுத்தால் காட்ட வேண்டும். இப்போது வெள்ளை ராஜா இ1இல் நிற்க, கறுப்பின் மந்திரி பி4இல் இருந்து, இடையிலுள்ள டி2 காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி3 குதிரை நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் விழும். ஆகவே அதனால் நகர முடியாது. போகக்கூடியது ஜி1 குதிரை மட்டும்தான். அப்போது கூடுதல் எழுத்து தேவையில்லை. 'குதிரை இ2' என்று மட்டும் எழுது என்கிறது விதி, இதே நிலையை உதாரணமாகக் கொடுத்து. இதன் பொருள், பிஜிஎன்னைச் சரியாகப் படிக்க ஒரு நிரலுக்குச் சதுரங்க விதிகள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுண்ட குதிரையைக் கவனிக்காத அரைகுறை நிரல் தவறான குதிரையை எடுத்து இ2இல் வைத்துவிடும். அப்போது எந்தப் பிழையும் காட்டாது. பத்து இருபது நகர்வு தாண்டி, இல்லாத குதிரையை நகர்த்தச் சொல்லும் இடத்தில்தான் நின்று விழிக்கும். பார்வைக்கு எளிய உரையாக இருந்தாலும், அதன் பொருளை நிலைநிறுத்துவது அந்த எழுதப்பட்ட விதிதான். உரைக் கோப்பு என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓர் ஆட்ட நிலையில் இருக்கக்கூடிய செல்லுபடியாகும் நகர்வுகளின் அறியப்பட்ட உச்சம் 218. ஒரு பைட்டில் 256 மதிப்புகள் அடங்கும். ஆகவே ஒவ்வொரு நகர்வையும் ஒரே பைட்டில் வைத்துவிடலாம். நாற்பது நகர்வு ஆட்டம், இரு பக்கமும் சேர்த்து, எண்பது பைட். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் சிறிய, வேகமான வடிவம் இதைப் போன்றதுதான் என்று நினைக்கிறேன். எட்வர்ட்ஸின் ஆவணத்திலேயே அப்படி ஒரு சுருக்க வடிவம் வரையறுக்கப்பட்டிருக்கிறது: அந்த நிலையின் எல்லா நகர்வுகளையும் குறியீட்டில் எழுதி, ஆஸ்கி (கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் தரமுறை) எழுத்து வரிசையில் அடுக்கி, ஆடப்பட்டது அதில் எத்தனையாவது என்ற எண்ணை மட்டும் சேமிக்க வேண்டும். 'ஆஸ்கி வரிசையில்' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், எண்பது பைட்டும் குப்பை. எந்த வரிசை என்று தெரியாதவனுக்கு 17 என்ற எண் எந்த நகர்வையும் குறிக்காது. நிரலாளர் அந்த வரிசையைத் தன் நிரலுக்குள் மட்டும் வைத்திருந்து, அடுத்த பதிப்பில் வேகத்துக்காக அதை மாற்றினால், பழைய ஆட்டங்கள் அவருக்கே திறக்காது.

வணிக நிறுவனங்களின் சொந்த வடிவங்களைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். ஹாம்பர்க்கின் செஸ்பேஸ் போன்றவர்கள் பல கோப்புகளாகப் பிரித்துச் சேமிப்பதற்கு நல்ல தொழில்நுட்பக் காரணம் உண்டு. பல லட்சம் ஆட்டங்களில் ஒரு நிலையைத் தேடும்போது, உரையை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வடிவங்களின் உள்ளமைப்பை வெளியார் பெரும்பாலும் பைட் பைட்டாகத் தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் பிஜிஎன்னாக வெளியே எடுக்கும் வாசலை அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஷேன் ஹட்சன் தொடங்கிய ஸ்கிட் நிரலும் தனக்கென மூன்று பைனரிக் கோப்புகளைப் பயன்படுத்துகிறது. அதன் மூல நிரல் பொதுவில் இருப்பதால் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மூல நிரல் திறந்திருப்பதே போதும் என்று சிலர் வாதிடுவார்கள். நான் முழுதாக ஏற்பதில்லை. ஒரு நிரல் இன்று என்ன செய்கிறது என்பதைத்தான் மூல நிரல் காட்டும். எதை மாற்ற மாட்டோம், எது தற்செயல், எது பிழை என்பதை அது பிரித்துச் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் தனியே ஓர் ஆவணம் தேவைப்படுகிறது.

பிஜிஎன்னின் பலம் அந்த ஆவணம் என்றால், அதன் இன்றைய நோவுகள் எல்லாம் ஆவணம் முடியும் இடத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் மீதியிருந்த நேரம் இன்று கோப்புகளில் சர்வசாதாரணமாக வருகிறது. 1994 ஆவணத்தில் இதற்கான கட்டளை கிடையாது. குறிப்புரைக்கான நெளிவு அடைப்புக்குறிக்குள் சதவீதக் குறியோடு ஒளித்து எழுதும் வழக்கம் பின்னால் பரவியது. பலகையில் வண்ண அம்புகள் காட்டுவதும் இப்படியே வந்தது. இந்தக் கட்டளைகளை அறியாத நிரலில் உங்கள் மாணவர் கோப்பைத் திறந்தால் குறிப்புரை நடுவே அவை சிதறிக் கிடக்கும். நகர்வின் தரத்தைக் காட்டும் எண்களை ஆவணம் 139 வரைதான் பட்டியலிட்டது. இதற்குமுன் யாரும் ஆடாத புது நகர்வைக் குறிக்க எல்லோரும் 146ஐப் பயன்படுத்துகிறோம், வழக்கத்தின் பேரில் மட்டும். ஆட்ட நிலையைக் குறிக்கும் ஃபென் வரியில், சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டினாலே அது கடந்த கட்டத்தைக் குறிக்க வேண்டும் என்கிறது ஆவணம். உண்மையிலேயே அங்கே வெட்ட முடிந்தால் மட்டும் குறிப்பிடும் நிரல்கள் இன்று ஏராளம். ஒரே நிலைக்கு இரண்டு வரிகள் கிடைக்கும்போது, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு, ஒரே நிலை மூன்று முறை வந்ததா என்று கண்டுபிடிக்கும் நிரல் ஏமாந்துபோகிறது. காய்களை மாற்றி அடுக்கித் தொடங்கும் செஸ் 960 ஆட்டத்தில், ராஜாவின் ஒரே பக்கத்தில் இரண்டு யானைகள் நின்றால் எதனோடு கோட்டை கட்டலாம் என்பதை எழுத இரண்டு போட்டி முறைகள் உள்ளன.

நம்மை நேராகத் தொடும் குறை ஒன்றும் உண்டு. ஆட்டக்காரர் பெயரைத் தொலைபேசிக் கையேட்டில் இருப்பதுபோல் எழுது, குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர் என்கிறது ஆவணம். தந்தை பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. விஸ்வநாதன் ஆனந்தை 'ஆனந்த், விஸ்வநாதன்' என்றும் 'விஸ்வநாதன், ஆனந்த்' என்றும் தரவுத்தளங்களில் பார்க்கலாம். ரமேஷ்பாபு என்ற தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் இடங்களில் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் ஒரே பெயரின் கீழ் போய்விடுகிறார்கள். மற்ற இடங்களில் அவரவர் பெயரில் இருக்கிறார்கள். ஒருவரின் ஆட்டங்களைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். உங்கள் மையத்தில் ஒரே பெயரில் நான்கு மாணவர்கள் முதலெழுத்தால் மட்டும் வேறுபடுவார்களே, அங்கே இன்னும் மோசமாகும். ஃபிடே எண்ணைத் தனிக் குறிச்சொல்லாகச் சேர்க்கும் வழக்கம் இதற்கு நல்ல மருந்து. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும் அடங்கிய லத்தீன்-1 எழுத்துத் தொகுப்பைத்தான் ஆவணம் ஏற்கிறது என்பதால் தமிழில் பெயரோ குறிப்புரையோ எழுதுவது ஏட்டளவில் விதிமீறல். நடைமுறையில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 பரவிவிட்டது, அதையே பயன்படுத்துங்கள்.

இதுவரை சொன்னவை எவரும் சரிபார்க்கக்கூடியவை. இனி வருவது என் கருத்து. பிஜிஎன்னைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய வடிவம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. தரவை அடைப்புக் குறிச்சொற்களுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் அடிப்படையில் செய்துபார்த்தவர்களும் உண்டு. எதுவும் வேர்பிடிக்கவில்லை. இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிசெஸ் தளம் தன் தரவரிசை ஆட்டங்களை மாதந்தோறும் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுவது பிஜிஎன்னில்தான். மார்க் க்ரவுதர் 1994 முதல் நடத்திவரும் வாராந்தரத் தொகுப்பின் ஆட்டங்களும் அதில்தான் வருகின்றன. இவ்வளவு ஆட்டங்கள் ஒரு வடிவத்தில் சேர்ந்த பிறகு, அதன் வழக்கங்களை ஒழுங்காக எழுதி ஆவணத்தோடு சேர்ப்பதே பயன்தரும் வேலை என்பது என் எண்ணம். இன்னும் முப்பது ஆண்டுக்கும் இதுவே நிற்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. விதி எழுதப்பட்டிருப்பதால், நாளை வேறொன்று வந்தாலும் இதிலிருந்து அதற்கு மாற்றும் நிரலை எவராலும் எழுத முடியும். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஆவணத்தால் ஆகாத காரியமும் இருக்கிறது. பதிந்ததைச் சரியாகப் படிக்க அது உதவும். பதிந்ததே சரியா என்பதற்கு அது பொறுப்பேற்காது. நகர்வுக்கு முப்பது விநாடி கூட்டித் தராத போட்டியில், ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நேரம் இருக்கும் ஆட்டக்காரர் எழுத வேண்டியதில்லை. அந்த ஆட்டங்களின் கடைசிப் பகுதி பலமுறை கிடைப்பதே இல்லை. மின்னணுப் பலகைகளில் ஆட்டம் முடிந்ததும் முடிவைக் காட்ட ராஜாக்களை நடுவில் வைக்கிறார்கள். பலகை அதையும் நகர்வாக அனுப்பிவிடும் சமயங்களில், தரவுத்தளத்தில் ராஜா அர்த்தமில்லாமல் நடுவுக்கு நடந்துபோவதோடு ஆட்டம் முடிந்திருக்கும். இவற்றைத் திருத்த ஆட்டக் குறிப்புத் தாளும் மனிதக் கண்ணும்தான் வேண்டும்.

உங்கள் பழைய கோப்புகளைப் பற்றி: அவற்றைப் பார்க்காமல், மீட்க முடியும் என்றோ முடியாது என்றோ நான் சொல்ல முடியாது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் அதிலேயே மென்பொருளைத் திறந்து எல்லாவற்றையும் பிஜிஎன்னாக வெளியே எடுங்கள். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்; மாற்றத்தில் துணை வரிசைகளும் (ஆடாமல் குறிப்பாகச் சேர்த்த மாற்று நகர்வுகளும்) வண்ணக் குறிகளும் பயிற்சிக் கேள்விகளும் உதிர்ந்திருக்கலாம், பின்னால் தேடி எடுக்க வேண்டிவரும். பிறகு டேவிட் பார்ன்ஸ் எழுதிய பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் என்ற இலவசக் கருவியில் கோப்பை ஓட்டுங்கள்; செல்லாத நகர்வுகள் இருந்தால் சுட்டிக்காட்டும். ஆட்டங்களின் மொத்த எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிறையக் குறிப்புரை எழுதிய சில ஆட்டங்களை இரண்டு திரைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணை வரிசைகளோடு கடைசிவரை ஆடிப் பாருங்கள். தேதி தெரியாத ஆட்டங்களில் இன்றைய தேதியைப் போட்டு நிரப்ப வேண்டாம்; தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட ஆவணமே வழி சொல்லியிருக்கிறது, 2009 என்று ஆண்டு மட்டும் தெரிந்தால் 2009.??.?? என்று எழுதலாம்.

உங்கள் செயலிக்குள் ஒரு பைட் நகர்வு வடிவத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், தடையே இல்லை. அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். எந்த மாணவரும் தன் எல்லா ஆட்டங்களையும் குறிப்புரையோடு பிஜிஎன்னாக எடுத்துச் செல்லும் பொத்தான் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். நகர்வுகளை எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள், பெயர்களை எப்படி எழுதுகிறீர்கள், எழுத்துத் தொகுப்பு எது, பதிப்பு எண் கோப்பில் எங்கே இருக்கிறது என்பவற்றை நிரல் எழுதும்போதே ஓர் ஆவணமாக எழுதி உங்கள் தளத்தில் வையுங்கள். எழுதி முடித்ததும், உங்கள் நிரலைப் பார்க்காத ஒரு மாணவரிடம் அந்த ஆவணத்தை மட்டும் கொடுத்து, ஒரு கோப்பைப் படிக்கும் நிரல் எழுதச் சொல்லுங்கள். எங்கே வந்து உங்களிடம் சந்தேகம் கேட்கிறாரோ, அங்கே ஒரு பத்தி குறைகிறது.